இசைத்தட்டு: பூட்டி வைப்பதா, போட்டுக் கேட்பதா?



தோட்டத்து வீடுகள் பலவற்றில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பிறப்புப் பத்திரம், கலியாணப் புடவை, பாட்டனாரின் பழைய படம் என்று அந்த வீட்டின் பழமையெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். சில வீடுகளில் அந்தத் துணிமணிகளுக்கு நடுவே கறுத்த வட்டத் தட்டுகள் நான்கைந்தும் கிடைக்கும். ‘அது தாத்தா காலத்துப் பாட்டுத் தட்டு, கேட்கப் பெட்டி இல்லை’ என்பார்கள். அந்தத் தட்டுகளை என்ன செய்வது என்பதுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இது பொழுதுபோக்குச் செய்திதானே என்று நினைத்துவிட வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகளை விட்டுக் குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போகிற காலம் இது. வீடு மாறும்போது முதலில் வெளியே போவது இப்படிப்பட்ட பெட்டிதான். பழைய சாமான் வாங்குகிறவர் பித்தளைச் செம்போடு சேர்த்துத் தட்டுகளையும் சொற்பக் காசுக்கு எடுத்துக்கொண்டு போகிறார். அல்லது பிள்ளைகள் விளையாடி உடைத்துவிடுகிறார்கள். எந்தப் பாட்டு போயிற்று, யாருடைய குரல் போயிற்று என்று யாருக்கும் தெரிவதில்லை.

ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போனால் கதை வேறு. அங்கே பழைய தட்டைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஜாலான் புசார் பக்கம், சுங்கை ரோட்டில் ஒரு பழம்பொருள் சந்தை இருந்தது. ‘திருடர் சந்தை’ என்பது அதற்கு ஊரார் இட்ட பெயர். 1930-களில் தொடங்கிய அந்தச் சந்தையில் தரையில் பாயை விரித்து, பழைய கைக்கடிகாரம், வானொலிப் பெட்டி, கேமரா, நாணயம் ஆகியவற்றோடு இசைத்தட்டுகளையும் பரப்பி வைத்திருப்பார்கள். 2017-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதியோடு அந்தச் சந்தை மூடப்பட்டது. ஆனால் தட்டு வியாபாரம் மூடப்படவில்லை. நகரத்தின் கடைத்தொகுதிகளில் இசைத்தட்டுக் கடைகள் இருக்கின்றன. ஹை-ஃபை கருவிகளுக்குப் பெயர்போன அடெல்ஃபி கட்டடத்துக்குத் தட்டு விரும்பிகள் நெடுங்காலமாகப் போய் வருகிறார்கள்.

இப்படித் தேடி வாங்குகிறவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. ஒரு சாரார், ‘தட்டு கிடைப்பதே அரிது. ஊசி படப்பட அது தேயும். எனவே உறையில் இட்டு, அலமாரியில் அடுக்கிப் பாதுகாக்க வேண்டும்’ என்பர். மறு சாரார், ‘பாடாத தட்டு வெறும் பிளாஸ்டிக். பாட்டைக் கேட்கத்தானே தட்டு செய்தார்கள்? போட்டுக் கேளுங்கள்’ என்பர். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. எதில் எவ்வளவு உண்மை என்பதைத்தான் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்களா? 2016-இல் பிரிட்டனில் ஐ.சி.எம். என்னும் கருத்துக்கணிப்பு நிறுவனம் தட்டு வாங்கியவர்களை விசாரித்தது. அவர்களில் 48 விழுக்காட்டினர், வாங்கிய தட்டை இன்னும் ஒரு முறைகூடப் போட்டுக் கேட்கவில்லை என்றார்கள். 7 விழுக்காட்டினரிடம் தட்டுப் போடும் பெட்டியே இல்லை! அமெரிக்காவில் 2022-இல் தட்டு வாங்கியவர்களில் பாதிப் பேரிடம்தான் பெட்டி இருந்தது என்று லுமினேட் என்ற நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. அதே ஆண்டில் அந்த நாட்டில் 4 கோடிக்கு மேல் இசைத்தட்டுகள் விற்றன. 1987-க்குப் பிறகு முதன்முறையாகக் குறுந்தட்டுகளைவிட இவை கூடுதலாக விற்றன. ஆக, கேட்பதற்கு மட்டுமல்லாமல் வைத்திருப்பதற்காகவும் மனிதன் வாங்குகிறான் என்பது தெளிவு. சாமி படத்தை வாங்கிச் சுவரில் மாட்டுவதுபோல, பிடித்த பாடகரின் தட்டை வாங்கி வைத்துக்கொள்கிறான். இதை நாம் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்பாகத் தட்டு எப்படிப் பாடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். தட்டின் மேல் வட்ட வட்டமாகப் பல கோடுகள் தெரிகின்றன அல்லவா? உண்மையில் அவை பல கோடுகள் அல்ல. ஓரத்தில் தொடங்கி, நத்தை ஓட்டைப்போலச் சுருண்டு சுருண்டு நடுவை நோக்கிப் போகும் ஒரே பள்ளம்தான். பாடகர் பாடியபோது காற்றில் எழுந்த அதிர்வு, அந்தப் பள்ளத்தின் சுவரில் நெளிவாகப் பதிந்திருக்கிறது. தட்டு சுழலும்போது ஊசி அந்தப் பள்ளத்தின் வழியே போகிறது. நெளிவுக்கு ஏற்ப ஊசி ஆடுகிறது. அந்த ஆட்டம் மறுபடியும் ஒலியாகிறது.

பழைய தட்டு ஒரு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம் பாடும். அந்த 3 நிமிடத்தில் ஊசி நூறு மீட்டருக்கு மேல் பயணம் செய்துவிடுகிறது. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் பெரிய தட்டை வெளியிட்டது. அது ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் பாடும். அதன் பள்ளம் ஒரு தலைமுடியின் பருமன்தான் இருக்கும். ஒரு பக்கத்துப் பள்ளத்தை நீட்டிப் போட்டால் 400 மீட்டரைத் தாண்டும். 1949-இல் 45 சுற்றுச் சின்னத் தட்டு வந்தது. ஒரு சினிமாப் படத்தின் நான்கு பாடல்களைத் தாங்கி நம் வீடுகளுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இந்தச் சின்னத் தட்டுகளே.

தட்டு எதனால் ஆனது என்பதும் முக்கியம். பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கினால் ஆனது. மரக்கிளைகளில் அரக்குப்பூச்சி விட்டுவைக்கும் பிசினோடு கல்மாவு முதலியவற்றைக் கலந்து அழுத்திச் செய்தார்கள். அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே உலகத்துக்குப் போயிற்று. அது கனமானது, கீழே விழுந்தால் ஓடுபோல உடைந்துவிடும். பிறகு வந்த 33, 45 சுற்றுத் தட்டுகளில் பெரும்பாலானவை வினைல் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. எளிதில் உடையாது. ஆனால் வெயில் பட்டால் அப்பளம்போல வளைந்துவிடும், சுலபமாகக் கீறலும் விழும்.

நம் நாட்டுப் பாட்டு தட்டில் ஏறிய கதையும் சுவையானது. 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்ற பாடகியைப் பாட வைத்துப் பதிவு செய்தார். பாட்டின் முடிவில் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார். ஏன் தெரியுமா? தட்டு அச்சாவது ஜெர்மனியில் ஹனோவர் நகரத்தில். அங்குள்ள தொழிலாளிக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே! அதே கெய்ஸ்பர்க் அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாக 1903-இல் சிங்கப்பூருக்கும் வந்து இங்குள்ள பாடகர்களைப் பதிவு செய்தார். ஆக, சிங்கப்பூரின் இசைத்தட்டு வரலாறு நூற்றிருபது ஆண்டுகளைத் தாண்டியது.

தமிழ்த் தட்டுகள் பெருகியது 1920-களின் இறுதியிலும் 1930-களிலும். அன்றைக்கு நாடகப் பாட்டுக்குத்தான் மவுசு. எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் இளம்வயதிலேயே மறைந்தார். அவரைப் பார்த்தறியாத நாமும் அவர் பாடிக் கேட்கிறோம் என்றால் அது தட்டினால் வந்த பேறு. கே. பி. சுந்தராம்பாளின் இளமைக் குரலும் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. பின்னாளில் படமெடுத்துப் புகழ்பெற்ற ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரும், சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் ஓடியன் இசைத்தட்டுகளை வெளியிட்டுத்தான் தொழிலைத் தொடங்கினார். மேடையில் அரை மணி நேரம் விரிகிற பாட்டை 3 நிமிடத்துக்குள் அடக்கிப் பாட வேண்டும் என்ற கட்டுப்பாடு, பாட்டின் உருவத்தையே மாற்றியது. சினிமாப் பாட்டின் அளவு ஏறக்குறைய இன்றுவரை அந்த அளவையொட்டியே இருப்பதற்கு அந்த அரக்குத் தட்டும் ஒரு காரணம்.

சரி, ஊசி பட்டால் தட்டு தேயுமா? தேயும். எவ்வளவு தேயும் என்பது ஊசியையும் பெட்டியையும் பொறுத்தது. சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோனில் இரும்பு ஊசிதான். அதன் தலைப்பகுதி 100 கிராமுக்கு மேல் கனக்கும். ஒரு பக்கம் பாடி முடித்தவுடன் ஊசியை மாற்ற வேண்டும் என்று ஊசி டப்பாவிலேயே எழுதியிருப்பார்கள். ஆனால் ஒரே ஊசியைப் பத்து நாள் ஓட்டியவர்கள் அதிகம். அப்படி ஓட்டிய தட்டு வெளுத்துப்போய், பாட்டைவிட இரைச்சலே கூடுதலாகக் கேட்கும். இன்றைய நல்ல பெட்டியில் ஊசியின் அழுத்தம் ஏறக்குறைய 2 கிராம்தான். வைர ஊசி 500 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைக்கும். அதில் ஒரு வினைல் தட்டை நூற்றுக்கணக்கான முறை போட்டாலும் பெரிய கேடு வராது.

பால் வெட்டுகிற நமக்கு இதை விளக்குவது எளிது. கத்தி பட்டைக்குள் ஓரளவு போக வேண்டும், மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் காயம். அந்தக் காயம் முண்டும் முடிச்சுமாகி, மறுபடி அங்கே வெட்ட முடியாது. நாள் தவறாமல் ஆழ வெட்டினால் மரம் வறண்டுவிடும். அதற்காக, ‘மரத்துக்கு நோகுமே’ என்று வெட்டாமலே விட்டால் பால் ஏது, கூலி ஏது? மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூமலைத் தோட்டத்தில் ரிட்லி என்பவர் 1890-களில் சோதித்துக் கண்டறிந்த பிறகுதான் ரப்பர்த் தோட்டங்களே பரவின. தட்டுக்கும் அதே நியாயம்தான். ஆழ வெட்டாதே, வெட்டாமலும் விடாதே.

இனி, சேர்த்து வைப்பவர்களின் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். ‘கம்பெனியிடம் மூலப்பதிவு இருக்குமே, நாம் ஏன் காக்க வேண்டும்?’ என்று கேட்கலாம். இருக்கும் என்று நம்ப முடியாது. இரண்டாம் உலகப் போரில் அரக்குத் தட்டுப்பாடு வந்தபோது பல நாடுகளில் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உருக்கிப் புதுத் தட்டு செய்தார்கள். 2008 ஜூன் 1-ஆம் தேதி அமெரிக்காவில் யூனிவர்சல் படப்பிடிப்பு வளாகத்தில் தீப்பிடித்து ஏராளமான மூல ஒலிநாடாக்கள் எரிந்துபோயின. பெரிய நிறுவனத்தின் கிடங்குக்கே இந்தக் கதி என்றால், சில நூறு பிரதிகளே அச்சான தமிழ்த் தட்டுக்கு என்ன உறுதி? எங்கோ ஒரு வீட்டின் தகரப் பெட்டியில் கிடக்கும் தட்டே அந்தப் பாட்டின் கடைசிப் பிரதியாக இருக்கக்கூடும்.

சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் என்ற அறிஞர் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட 78 சுற்றுத் தட்டுகளைச் சேர்த்துப் பெயர் பெற்றவர். அவர் அவற்றை அடுக்கி வைத்ததோடு நிற்கவில்லை. கேட்டார், ஒப்பிட்டார், பழைய பாட்டுகளைப் பற்றி எழுதினார், பேசினார். படத்தில் வந்த பாட்டும் தட்டில் வந்த பாட்டும் பல சமயம் ஒன்றாக இருப்பதில்லை. தட்டுக்கென்று தனியாகப் பாடியிருப்பார்கள், ஒரு சரணம் கூடும் அல்லது குறையும். இதெல்லாம் தட்டைச் சேர்த்துக் கேட்டவர்களால்தான் தெரிய வந்தது. 1990-இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் ஒன்று தோன்றியது. அது தட்டுகளைப் பற்றிய விவரங்களைத் தொகுத்து இதழாகவே வெளியிட்டது.

தட்டு மட்டுமல்ல, நூலுக்கும் இதே கதைதான். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். தம் சம்பாத்தியத்தையெல்லாம் போட்டுப் பழைய தமிழ் நூல், நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம் என்று சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தார். அந்தச் சேகரிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. தனி ஒருவர் பூட்டி வைத்தது ஊருக்குத் திறந்த கதவாயிற்று. பிரேசில் நாட்டில் பேருந்து நிறுவன முதலாளியான சீரோ ஃபிரெய்டாஸ் என்பவர் பல இலட்சம் தட்டுகளை வாங்கிக் குவித்தார். ஒரு மனிதர் ஒரு ஆயுளில் கேட்டு முடிக்க முடியாத அளவு அது. அதை அவரும் உணர்ந்து, பொதுமக்கள் வந்து கேட்கும் நிலையமாக்கத் திட்டமிட்டார் என்று 2014-இல் செய்தி வெளியாயிற்று. நூலானாலும் தட்டானாலும், நெடுநாள் சேர்த்தவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். வள்ளுவர் ‘நன்றியில் செல்வம்’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே, அது பணத்துக்கு மட்டுமா பொருந்தும்?

இப்போது போட்டுக் கேட்பவர்களின் நியாயம். வானொலியே தட்டிலிருந்துதான் வளர்ந்தது. கொழும்பில் 1920-களில் தந்தி அலுவலகத்தின் சிறிய அறையிலிருந்து சோதனையாக ஒலிபரப்பியபோது முதலில் வான்வழி போனது கிராமபோன் இசைதான். 1952 வாக்கில் இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, மக்கள் இலங்கை வானொலியைத் திருப்பிக் கேட்டார்கள். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது போன்றவர்களின் குரலோடு தட்டுகள் சுழன்றன. ஒரு தட்டைக் கோடிப் பேர் கேட்டார்கள். நம் தோட்டங்களிலும் அப்படித்தானே! தட்டும் பெட்டியும் வாங்க வசதியுள்ள வீடு ஒன்றோ இரண்டோ. ஆனால் மாரியம்மன் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினால் தோட்டம் முழுவதும் கேட்கும். 1965-இல் வந்த திருவிளையாடல் படத்தின் வசனத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் மனப்பாடமாகச் சொன்னார்கள். அது எப்படி வந்தது? ஒலிபெருக்கியில் மீண்டும் மீண்டும் போட்டதால் வந்தது. பூட்டி வைத்திருந்தால் வந்திருக்குமா?

சிங்கப்பூரோடு சேர்ந்த தமிழ்த் தட்டுகளும் உண்டு. 1978-இல் வந்த பிரியா, 1979-இல் வந்த நினைத்தாலே இனிக்கும் ஆகிய இரண்டு படங்களும் சிங்கப்பூரில் படமானவை. முன்னதற்கு இளையராஜாவும் பின்னதற்கு எம். எஸ். விஸ்வநாதனும் இசையமைத்தார்கள். பிரியா படத்தின் பாட்டு, ஸ்டீரியோ முறையில் பதிவான தொடக்கத் தமிழ்ப் பாட்டுகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது. இத்தகைய தட்டுகளைச் சேர்ப்பவர்கள் இன்று ஆவலாகத் தேடுகிறார்கள். அதற்கு முன்பே சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் எல். கிருஷ்ணன் முதலிய இந்திய இயக்குநர்கள் மலாய்ப் படங்களை எடுத்தார்கள். பி. ரம்லியின் குரல் தட்டுகளில் ஏறி நம் லயங்களிலும் ஒலித்தது. நம் வீட்டுப் பெட்டியில் தமிழ்த் தட்டோடு ஒரு மலாய்த் தட்டும் இருந்தால் அதில் வியப்பில்லை. நாம் யாரோடு வாழ்ந்தோம் என்பதற்கு அது சான்று.

இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்டோம். தீர்ப்பு என்ன? ஆவணக் காப்பகங்கள் நெடுநாளாகக் கைக்கொள்ளும் வழியே இதற்குச் சரியான விடை. தட்டை நல்ல ஊசியில் ஒரு முறை கவனமாகப் போட்டு, அந்த ஒலியைக் கணினியில் பதிவு செய்துகொள்கிறார்கள். பிறகு மூலத் தட்டு உறைக்குள் போய் ஓய்வெடுக்கும். பதிவு செய்த படி மக்கள் காதுக்குப் போகும். ஆயிரம் முறை கேட்டாலும் தட்டுக்குத் தேய்மானம் இல்லை. சிங்கப்பூரில் தேசிய ஆவணக் காப்பகமும் தேசிய நூலக வாரியமும் பழைய ஒலிப்பதிவுகளைக் காப்பதைத் தங்கள் பணிகளுள் ஒன்றாகக் கொண்டவை. 1979 முதல் வாய்மொழி வரலாற்றையும் பதிந்து வருகிறார்கள். அவற்றில் பலவற்றை இருந்த இடத்திலிருந்தே கேட்கலாம்.

விஞ்ஞானம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 1860-இல் பாரிஸ் நகரத்து ஸ்காட் என்பவர், ஒலியின் அதிர்வைப் புகை படிந்த தாளில் கோடாக வரைந்தார். அதைத் திருப்பி ஒலிக்கச் செய்யும் வழி அன்று இல்லை. 148 ஆண்டுகள் அந்தத் தாள் மௌனமாகக் கிடந்தது. 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் கோட்டைப் படமெடுத்துக் கணினியால் படித்து, மனிதர் பாடும் ஓசையைக் கேட்டார்கள். ஊசி என்பதே படாமல் தட்டைப் படிக்கும் முறையும் இப்போது உண்டு. பாதுகாத்து வைத்ததால்தான் அந்தத் தாள் பிழைத்தது. கேட்க வேண்டும் என்று ஒருவர் முயன்றதால்தான் அது பேசியது. காப்பதும் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இனி, நம் வீட்டில் தட்டு இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சில சொல்கிறோம்.

முதலாவது, இடம். நம் பக்கத்துக் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும். தட்டுக்கு 50 போல இருந்தால் நல்லது. அடைத்து வைத்த தகரப் பெட்டியில் பூசணம் பிடிக்கும். எனவே தரையிலிருந்து உயரமாக, அடுப்புச் சூடும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். புத்தகத்தை நிறுத்துவதுபோல நேராக நிறுத்துங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டு வளையும் அல்லது உடையும். மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

இரண்டாவது, துடைப்பது. மெல்லிய சுத்தமான துணியால், பள்ளம் போகும் வழியே வட்டமாகத் துடைக்க வேண்டும். பூசணம் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் துணியை நனைத்துத் துடைக்கலாம். நடுவில் உள்ள தாளில் ஈரம் படக் கூடாது. அரக்குத் தட்டின் மேல் ஸ்பிரிட் போன்ற சாராயக் கலப்பு எதையும் ஊற்றாதீர்கள். சாராயம் அரக்கைக் கரைத்துவிடும், அதோடு பாட்டும் போய்விடும்.

மூன்றாவது, போட்டுக் கேட்பது. தட்டின் நடுத்தாளில் 78, 45, 33⅓ என்று வேகம் போட்டிருக்கும். அதன்படி ஓட்ட வேண்டும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது, அதற்குத் தனி ஊசி உண்டு. சாவி கொடுக்கும் கிராமபோனில் வினைல் தட்டைப் போடவே கூடாது. இரும்பு ஊசியின் கனம் ஒரே தடவையில் பள்ளத்தை உழுதுவிடும். கைப்பெட்டிபோல மூடித் திறக்கும் மலிவான பெட்டிகள் சிலவற்றிலும் ஊசி கூடுதலாக அழுத்தும். அரிய தட்டை அவற்றில் அடிக்கடி போடாமலிருப்பது நல்லது.

நான்காவது, எழுதி வைப்பது. இதற்குக் காசு வேண்டாம், பெட்டி வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கம்பெனிப் பெயர், தட்டின் எண், பாடியவர், பாட்டு, படம் அல்லது நாடகம் ஆகியவற்றைப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். கடைசிப் பள்ளத்துக்கும் நடுத்தாளுக்கும் இடையே பொடி எழுத்தில் ஓர் எண் அழுத்தப்பட்டிருக்கும், அதையும் குறிக்கச் சொல்லுங்கள். உறையில் கடையின் முத்திரை இருந்தால் அழித்துவிடாதீர்கள். சிராங்கூன் சாலையில் வாங்கியதா, சென்னையிலிருந்து வந்ததா என்பதை அது சொல்லும். ‘தங்கச்சி கலியாணத்துக்கு வந்தது’ என்று யாராவது பென்சிலில் எழுதியிருந்தால் அதுவும் சரித்திரம்தான். இதை வாங்கியது யார், எந்தப் பெட்டியில் கேட்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். தட்டு உடைந்தாலும் இந்தக் குறிப்பு மிஞ்சும்.

ஐந்தாவது, விற்பது. வறுமையில் விற்பதைத் தவறு என்று நாம் சொல்லவில்லை. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஆகுமானால் விற்கலாம். ஆனால் எடை போட்டு விற்க வேண்டாம். விற்கும் முன்பு மூன்று காரியம் செய்யுங்கள். குறிப்பு எழுதுங்கள். இரு பக்கத்தையும் உறையையும் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். பெட்டி வைத்திருப்பவர் யாரிடமாவது கொண்டுபோய்ப் பாட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கணினியோடு இணைக்கும் பெட்டியாக இருந்தால் பதிவு நன்றாக வரும். அதற்கும் வழியில்லையென்றால் கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்தாவது பதியுங்கள். இல்லாததைவிட அது மேல். பதிந்ததை இரண்டு இடத்தில் வையுங்கள். நாடகப் பாட்டு, உள்ளூர்ப் பாடகர் பாட்டு, பெயர் தெரியாத கம்பெனித் தட்டு இவற்றை விற்பதற்கு முன் ஒரு நூலகத்தையோ காப்பகத்தையோ கேட்பது நல்லது. பெரிய நடிகரின் படப் பாட்டு ஆயிரம் பேரிடம் இருக்கும். பெயர் தெரியாதவரின் பாட்டுத்தான் நம்மிடம் மட்டும் இருக்கும்.

பள்ளிகளுக்கும் ஒரு சொல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், தட்டு உள்ளவர் தட்டையும் பெட்டி உள்ளவர் பெட்டியையும் கொண்டுவரட்டும். பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்து நாலு பாட்டுக் கேட்கச் செய்யலாம். ‘இந்தப் பாட்டு வந்த வருசம் மழையே இல்லை’ என்றும், ‘இதைக் கேட்டுத்தான் உங்கள் பாட்டி அழுவாள்’ என்றும் தாமாகவே பேச்சு வரும். அந்தப் பேச்சை எழுதிக்கொள்வது மாணவர்களுக்கு நல்ல கட்டுரைப் பாடம்.

ஆக, பூட்டி வைப்பதா, போட்டுக் கேட்பதா என்ற வழக்கில் இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி வெற்றி. கேட்காமலே பூட்டி வைத்த தட்டு ஊமை. காக்காமலே போட்டுத் தேய்த்த தட்டும் நாளடைவில் ஊமைதான். முதலில் ஒரு படி எடுங்கள், பிறகு மூலத்தைக் காத்து, படியை ஊரோடு பகிர்ந்து கேளுங்கள். நகரத்துச் சேகரிப்பாளரிடம் ஆயிரம் தட்டு இருக்கலாம். நம்மிடம் நாலு தட்டுத்தான் இருக்கும். ஆனால் அந்த நாலைக் கேட்டு வளர்ந்த மனிதர்கள் இன்னும் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டை எப்போதாவது விலை கொடுத்து வாங்கிவிடலாம். அவர்கள் நினைவை வாங்க முடியாது. ஆகையால் இந்த வாரமே அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.